டர்பனிலிருந்து போய் கனடாப் பனித்தடத்தில் வண்டி ஓட்டப் போகிறீர்களா? முதலில் பலகைகளைப் படிக்கப் பழகுங்கள்

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்து வீடுகளில் கனடாப் பேச்சு கிளம்பிவிடும். மகளோ தம்பியோ டொராண்டோ பக்கம் குடியேறியிருப்பார்கள், நமக்கு இங்கே வேர்த்துக் கொட்டும்போது அவர்களுக்கு அங்கே நடுக்குளிர்காலம், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஸ்னோமொபைல் ஓட்டாமல் போவதா மாமா?" என்று மருமகப்பிள்ளை கிளப்பிவிடுவார். ஸ்னோமொபைல் என்றால் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி. நாமும் உம்லாங்காவில் ஜெட்ஸ்கியும் மிட்லண்ட்ஸில் குவாட் பைக்கும் பார்த்தவர்கள்தானே, இதில் என்ன இருக்கிறது என்று ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். அப்படி ஏறப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பனியைத் தொட்டே பார்க்காதவருக்கும் புரியவேண்டும் என்பதால், தெரிந்தவர்களுக்குச் சில இடங்கள் அரைத்த மாவாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்டாரியோ மாகாணத்தை வைத்தே சொல்கிறேன், நம் ஆட்கள் அதிகம் போவது அங்கேதான். அங்கே சுமார் 30,000 கிலோமீட்டர் ஸ்னோமொபைல் தடம் இருக்கிறது. அதைப் பராமரிப்பது அரசாங்கத்தின் சாலைத் துறை இல்லை. ஊருக்கு ஊர் இருக்கும் கிளப்புகள், பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள். தடத்தில் கணிசமான பகுதி யாரோ ஒருவருடைய பண்ணை வழியாகவும் காட்டு வழியாகவும், அந்த நிலக்காரர் தலையாட்டியதால் மட்டும் போகிறது. ஆகவே நீங்கள் பார்க்கும் பலகையை வேலை முடிந்த பிறகோ சனிக்கிழமையிலோ வந்து அடித்துவிட்டுப் போனவர் ஒரு உள்ளூர்க்காரர். அவர் வந்த அன்று என்ன தெரிந்ததோ அதைத்தான் அந்தப் பலகை சொல்லும். நேற்றிரவு விழுந்த மரமும் இன்று காலை இளகிய ஐஸும் பலகையில் இருக்காது. பலகை இருந்தால் கட்டாயம் கேளுங்கள், பலகை இல்லையென்றால் ஆபத்து இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். கீழே நான் சொல்லப் போவது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

புறப்படுவதற்கு முன்

முதலில் தேதி. டிசம்பர் நடுவில் போய் இறங்கினால் பனி விழுந்திருக்கும், ஆனால் தடம் திறந்திருக்காது. நிலம் உறைய வேண்டும், சதுப்பு இறுக வேண்டும், அதற்குமேல் போதுமான பனி அமுங்க வேண்டும். பல இடங்களில் ஜனவரி பிறந்த பிறகுதான் தடங்கள் ஒழுங்காகத் திறக்கும், நல்ல பனி ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும். நம் பிள்ளைகளுக்கு ஜனவரி நடுவில் பள்ளி திறந்துவிடும், அப்புறம் தைப்பூசக் காவடி வேறு. என்ன செய்வது, நாட்காட்டி நமக்குச் சாதகமாக இல்லை. பெரியவர்கள் மட்டும் போவதானால் பிப்ரவரியில் போங்கள்.

ஒன்டாரியோ கிளப்புகளின் கூட்டமைப்பு இணையத்தில் ஒரு தட வரைபடம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம், நம் ரோபாட்டில், அதாவது சாலைச் சிக்னலில், பார்க்கும் அதே மூன்றுதான். பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் தடம் அரைகுறையாக இருக்கிறது, கல்லோ தண்ணீரோ வெறும் மண்ணோ எதிர்ப்படலாம், பழகியவர்கள் மெதுவாகப் போகலாம். சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. புதியவர்கள் மஞ்சளையும் சிவப்பாகவே வைத்துக்கொள்வது நல்லது. காலையில் கிளம்பும்போது ஒருமுறை பாருங்கள், முந்தைய நாள் பச்சையாக இருந்தது மழை பெய்தால் மாறிவிடும்.

அப்புறம் காகிதங்கள். கிளப் தடங்களில் ஓட்ட வண்டிக்குத் தடப் பெர்மிட் வேண்டும், பதிவும் இன்சூரன்ஸும் வேண்டும், ஓட்டுபவருக்கு லைசென்ஸ் வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது கடைக்காரரிடம் மூன்றைக் கேளுங்கள்: பெர்மிட் வாடகையில் சேர்ந்ததா, தென்னாப்பிரிக்க லைசென்ஸை ஏற்பீர்களா, வண்டி அடிபட்டால் என் கையிலிருந்து எவ்வளவு போகும். மூன்றாவதை எழுத்தில் வாங்குங்கள். இங்கிருந்து எடுத்துக்கொண்டு போகும் பயண இன்சூரன்ஸையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், மோட்டார் விளையாட்டு என்று சொல்லி ஸ்னோமொபைலை விலக்கி வைத்திருக்கும் பாலிசிகள் உண்டு. கனடாவில் வெளிநாட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிச் செலவு எக்கச்சக்கம். முதல் தடவை போகிறவர் தனியாக வண்டி எடுப்பதைவிட வழிகாட்டியோடு போகும் அரைநாள் பயணத்தில் சேர்வதே புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். ஹாலிபர்ட்டன், மஸ்கோகா பக்கம் அப்படிப் பயணங்கள் கிடைக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் கறார். ஒன்டாரியோவில் 12 வயது ஆகி, அதற்கான ஸ்னோமொபைல் லைசென்ஸும் எடுத்த பிள்ளைதான் தடத்தில் ஓட்டலாம். அப்போதும் பொதுச் சாலையைக் குறுக்கே கடக்கவோ சாலையோரம் ஓட்டவோ 16 வயது ஆகியிருக்க வேண்டும். விருந்தாளிப் பிள்ளைக்கு ஓட்டும் பேச்சே வேண்டாம், பின்னால் உட்கார்ந்து வரட்டும், அதுவும் கால் இரண்டும் படியில் அழுத்தமாக எட்டினால்தான்.

உடுப்பு

உடுப்பைப் பற்றிச் சொல்லாமல் பலகைக்குப் போனால் பிரயோஜனம் இல்லை, விரல் மரத்துப்போனவன் எந்தப் பலகையையும் படிக்கமாட்டான். காற்றே வீசாவிட்டாலும் வண்டியின் வேகமே காற்று. மைனஸ் 10 டிகிரியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மறைக்காத தோலுக்கு அது மைனஸ் 22 போல இருக்கும். மைனஸ் 20 என்றால் மைனஸ் 35. டர்பன் ஜூலைக் குளிருக்கு வைத்திருக்கும் ஜெர்ஸி இதில் ஒன்றுக்கும் உதவாது.

உள்ளே ஒட்டிய துணி பருத்தியாக இருக்கக்கூடாது. வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை, அதற்குமேல் ஒரு கனமான அடுக்கு, அதற்குமேல் காற்றும் தண்ணீரும் புகாத சூட். கழுத்தில் மஃப்ளர் தொங்கவிடாதீர்கள், வண்டியின் கீழே ஓடும் ரப்பர் பட்டையில் எதுவும் மாட்டலாம். பெண்கள் புடவைமேல் ஜாக்கெட் போட்டுப் படத்துக்கு நிற்கலாம், வண்டியில் ஏறவேண்டாம். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், கண்ணாடி அணிபவர்கள் மூச்சுப் புகை மேலே வராதபடி மூக்குக் கவசம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

வண்டியோடு ஐந்து நிமிடம்

இந்த வண்டிக்கு ஒரு பழைய கதை உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூர்க்காரர் ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்ன மகனுக்கு வயிற்றில் தொற்று முற்றி, பனி மூடிய பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துபோனது. பனிமேல் ஓடும் வண்டியைப் பற்றி அதற்கு முன்பே யோசித்துக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு விடவே இல்லை. முதலில் பலர் உட்காரும் பெரிய வண்டி, பிறகு 1959-இல் ஓரிருவர் ஏறும் ஸ்கி-டூ. இன்று விளையாட்டுச் சாமானாகப் பார்க்கிறோம், பிறந்தது அவசரத்துக்கு.

முன்னால் ஸ்கீ என்ற இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் ஒரு அகலமான ரப்பர் பட்டை. கியர் கிடையாது. வலது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலேட்டர், இடது கைப்பிடியில் பிரேக். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களின் வலக்கை முறுக்கப் பார்க்கும், இங்கே முறுக்க எதுவும் இல்லை. அரைமணி நேரத்தில் கட்டைவிரல் வலிக்க ஆரம்பிக்கும், பிடியை இறுக்குவதால் வருவது அது, தளர்த்துங்கள். ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், தட்டினால் இன்ஜின் நின்றுவிடும். பல வண்டிகளில் ஒரு சுருள் கயிறும் இருக்கும், ஒரு முனை வண்டியில், மறுமுனையை உங்கள் ஜாக்கெட்டில் மாட்டவேண்டும். நீங்கள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வண்டி நின்றுவிடும். அதை மாட்டாமல் ஓட்டுபவர்களையும் பார்ப்பீர்கள், அவர்களைப் பார்த்து நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

புறப்படும் முன் நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டர் அழுத்திவிட்டால் திரும்ப வருகிறதா, பிரேக் இறுகுகிறதா, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு வெட்டவெளியில் நான்கைந்து முறை ஓட்டி நிறுத்திப் பாருங்கள். பனியில் நிற்கும் தூரமும் வழுக்கு ஐஸில் நிற்கும் தூரமும் ஒன்றல்ல. ஐஸில் ஸ்கீ திரும்பினாலும் வண்டி நேராகவே போகும். திருப்பத்தில் உடம்பை உள்பக்கம் சாயுங்கள். சாய்ந்து விழப்போவதுபோல் தோன்றினால் காலை நீட்டி ஊன்றத்தான் மனசு சொல்லும், அது முட்டியை முறிக்கும் வேலை, கால் படியிலேயே இருக்கட்டும்.

நம்மவர்களுக்குப் பெரிய சிக்கல்: வலப்பக்கம்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நாம் இடப்பக்கம் ஓட்டிப் பிறந்து வளர்ந்தவர்கள். கனடாவில் சாலையும் தடமும் வலப்பக்கம். பட்டணத்தில் கோடு போட்டிருக்கும், முன்னால் போகும் காரைப் பார்த்தே சரியாகப் போய்விடலாம். காட்டுத்தடத்தில் கோடு இல்லை, பத்து நிமிடம் எதிரே யாரும் வருவதில்லை, இருபுறமும் ஒரே மாதிரி வெள்ளை. சரியாக அந்த நேரத்தில் கை தானாகவே இடப்பக்கம் இழுக்கும். அடுத்து ஒரு மறைவுத் திருப்பம், எதிரே அவன் தன் வலப்பக்கத்தில் ஒழுங்காக வருகிறான். மிச்சத்தை நான் சொல்லவேண்டியதில்லை.

தடத்தில் அங்கங்கே வலப்பக்கம் போகச் சொல்லும் பலகை இருக்கும், பெரும்பாலும் மேட்டுக்கு முன்னும் திருப்பத்துக்கு முன்னும். அதைக் கண்டால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். எதிரே ஆள் வந்தால் பயந்து ஒதுங்கும்போதும் வலப்பக்கமே ஒதுங்குங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் இடக்கையுறையில் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டு ஓட்டுவார், சிவப்பு இருக்கும் பக்கம் எதிரிலிருந்து வருபவர்களுடையது என்று கணக்கு. சிரித்தோம், ஆனால் உருப்படியான யோசனை.

பலகைகள்

தென்னாப்பிரிக்காவில் எச்சரிக்கைப் பலகை என்றால் சிவப்பு ஓரம் போட்ட முக்கோணம். கனடாவில் அப்படித் தேடினால் கிடைக்காது. அங்கே எச்சரிக்கை மஞ்சள் நிறத்தில், ஒரு முனை மேலே இருக்கும்படி சாய்த்து நிறுத்திய சதுரம், உள்ளே கறுப்புப் படம். வளைந்த அம்பு என்றால் திருப்பம். அம்பு எவ்வளவு ஒடிந்திருக்கிறதோ திருப்பம் அவ்வளவு கடுமை. பாம்புபோல நெளிந்தால் அடுத்தடுத்துத் திருப்பங்கள். சரிவு, ஒடுங்கிய பாலம், மரலாரி, ரயில் பாதை, தடத்தைச் சமன்செய்யும் இயந்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் படம் உண்டு, பார்த்தாலே விளங்கும். படம் விளங்காவிட்டாலும் கவலை இல்லை. மஞ்சளைக் கண்டதும் கட்டைவிரலை எடுத்துவிடுங்கள், கிட்டே போகப் போக விஷயம் தானே தெரியும்.

சிவப்பு எண்கோணம் நமக்குத் தெரிந்த ஸ்டாப் பலகைதான். தடம் சாலையைக் கடக்கும் இடத்திலெல்லாம் இருக்கும், அதற்குச் சற்று முன்னாலேயே 'முன்னால் ஸ்டாப்' என்று ஒரு மஞ்சள் பலகை சொல்லிவிடும். முழுதாக நிற்கவேண்டும். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சாதாரண நாளில் நீங்கள் சந்திக்கும் மிக மோசமான இடம் இதுதான். சாலையைத் துப்புரவு செய்யும் இயந்திரம் பனியை இருபுறமும் தள்ளிக் குவித்திருக்கும். அந்தக் குவியல் உங்கள் தலை உயரத்துக்கு இருக்கும். ஸ்டாப் பலகையின் பாதி அதற்குள் புதைந்து, மேல்பாதிச் சிவப்பு மட்டும் தெரியும், சிலசமயம் அதன்மேலும் பனி ஒட்டியிருக்கும். குவியலில் ஏறினால்தான் சாலை தெரியும், ஏறினால் வண்டியின் மூக்கு சாலைக்குள் நீட்டியிருக்கும். அதனால் குவியலுக்கு முன்னாலேயே நிறுத்தி, படிமேல் எழுந்து நின்று, ஹெல்மெட்டைத் தூக்கிக் காது கொடுத்துக் கேட்டு, இரு பக்கமும் பாருங்கள். முதலில் இடப்பக்கம் பாருங்கள், உங்களுக்குக் கிட்டத்தில் வரும் கார் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும், நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேர் எதிர். சாலையில் வருபவனுக்கே முன்னுரிமை. தார் ரோட்டில் ஸ்கீ சரியாகத் திரும்பாது, நேர்குறுக்காகக் கடந்துவிடுங்கள். ஒரு வண்டி முழுதாகக் கடந்த பிறகே அடுத்தது. முன்னால் போனவர் கை காட்டினார் என்பதற்காகப் பின்னால் இருப்பவர் கிளம்பக்கூடாது, அவரவர் நின்று அவரவர் பார்க்கவேண்டும்.

கறுப்பும் மஞ்சளுமாகச் சரிந்த கோடுகள் போட்ட குறுகலான பலகை இருந்தால், அங்கே ஒரு பாறையோ பாலத்தின் கைப்பிடியோ கேட் தூணோ இருக்கிறது. கோடுகள் எந்தப் பக்கம் கீழே இறங்குகின்றனவோ அந்தப் பக்கமாகப் போகவேண்டும். இது தெரியாததால் பலர் பலகையையே உற்றுப் பார்த்துக்கொண்டு அதன்மேலேயே போய்விடுகிறார்கள். பார்வை எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும்.

வட அமெரிக்காவில் பல இடங்களில் தடத்தின் ஓரமாக, மரத்திலோ கம்பிலோ ஆரஞ்சு நிறச் சின்னப் பட்டைகளோ சாய்சதுரங்களோ இருக்கும், விளக்கு பட்டால் மின்னும். நீங்கள் தடத்தில்தான் இருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம் அது. கொஞ்ச நேரமாக அப்படி எதுவும் கண்ணில் படவில்லை, பனியும் அமுங்காமல் பொதபொதவென்று இருக்கிறது என்றால் யாரோ ஒருவன் தடம் விட்டுப் போன சுவடைப் பிடித்துப் போய்விட்டீர்கள். அப்போதே நின்று, வந்த சுவட்டிலேயே திரும்புங்கள்.

சந்திப்புகளில் தடத்தின் எழுத்தும் எண்ணும், பக்கத்து ஊர்ப் பெயரும் தூரமும் போட்டிருப்பார்கள், பெட்ரோல் கிடைக்கும் திசையும் சில இடங்களில் இருக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் அந்தப் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது ஆனால் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே முகவரி அதுதான்.

இன்னொன்று, எந்த வாடகைக் கடையும் பெரிதாகச் சொல்லாதது. மரத்திலோ வேலிக்கம்பத்திலோ சிவப்பு பெயிண்டில் குறி போட்டிருந்தால் ஒன்டாரியோ சட்டப்படி அந்த நிலத்துக்குள் நுழையவே கூடாது என்று அர்த்தம். எழுத்து எதுவும் தேவையில்லை, குறியே போதும். மஞ்சள் குறி என்றால் அனுமதித்த சில காரியங்களுக்கு மட்டும் வரலாம். தடத்தை விட்டு அழகான வெட்டவெளி ஒன்றில் ஒரு சுற்று சுற்றலாம் என்று தோன்றும்போது இதைப் பாருங்கள். அந்த வெட்டவெளிக்குக் கீழே ஒரு விவசாயியின் குளிர்காலப் பயிர் இருக்கலாம், அவர் கோபப்பட்டு அனுமதியைத் திரும்பப் பெற்றால் மொத்தத் தடமும் அந்த இடத்தில் மூடப்படும். விருந்தாளி ஓட்டிய ஐந்து நிமிடத்துக்கு உள்ளூர்க்காரன் வருஷம் முழுக்கச் சுற்றிப் போகவேண்டியிருக்கும்.

கியூபெக்குப் போனால் பலகைகள் பிரெஞ்சில். எண்கோணத்தில் 'அரே' என்று இருக்கும், அதுவும் ஸ்டாப்தான். 'ஃபெர்மே' என்றால் மூடியிருக்கிறது.

வேகம்

ஒன்டாரியோத் தடங்களில் வேக உச்சவரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். சாலையோரம் ஓட்ட அனுமதி உள்ள இடத்தில், அந்தச் சாலையின் உச்சவரம்பு 50 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உங்களுக்கு 20 மட்டுமே. கியூபெக்கில் தடத்துக்கு 70. என்3 நெடுஞ்சாலையில் 120-இல் போய்ப் பழகிய நமக்கு 50 என்றால் சிரிப்பாக இருக்கும். ஆனால் 50-இல் ஒரு வினாடிக்குச் சுமார் 14 மீட்டர் போகிறீர்கள், தடத்தின் அகலம் சில இடங்களில் இரண்டு வண்டி ஒட்டி ஒதுங்கும் அளவே. இருட்டில் கணக்கு இன்னும் கடுமை: விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியவேண்டும், முடியாத வேகத்தில் போனால் நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறீர்கள். புதியவர்கள் சூரியன் இறங்குவதற்குள் திரும்பிவிடுங்கள், டிசம்பர், ஜனவரியில் அங்கே மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

முன்னால் போகும் வண்டியிலிருந்து குறைந்தது நான்கு வினாடி இடைவெளி விடுங்கள். அது கிளப்பும் பனித்தூள் முகத்தில் அடித்தால் பலகை மட்டுமல்ல, அந்த வண்டியே தெரியாது.

மதுவைப் பற்றி ஒரே வரி: ரத்தத்தில் இருக்கும் அளவுக்குக் காருக்கு என்ன சட்டமோ ஸ்னோமொபைலுக்கும் அதே சட்டம், பிடிபட்டால் கார் லைசென்ஸும் சேர்ந்தே போகும்.

கைச்சைகைகள்

கூட்டமாகப் போகும்போது இடக்கையால் பேசிக்கொள்வார்கள், வலக்கை ஆக்சிலேட்டரில் இருப்பதால். கை நேராக மேலே நீட்டினால் நிற்கப்போகிறேன். பக்கவாட்டில் நேராக நீட்டினால் இடப்பக்கம் திரும்புகிறேன். முழங்கையை மடக்கி உள்ளங்கையை விரித்து மேலே தூக்கினால் வலப்பக்கம். கையைக் கீழ்நோக்கிச் சாய்த்து ஆட்டினால் மெதுவாக வா. முழங்கை மடக்கி, தலைக்குமேல் இடமிருந்து வலமாக ஆட்டினால் எதிரே வண்டி வருகிறது. கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினால் என் பின்னால் இன்னும் ஆட்கள் வருகிறார்கள். முழங்கை மடக்கி முஷ்டியை உயர்த்தினால் நான்தான் கடைசி.

முஷ்டியை நம்பி வேகமெடுத்துவிடாதீர்கள், அவருக்குப் பின்னால் வேறொரு கூட்டம் வந்துகொண்டிருக்கலாம், அது அவருக்கே தெரியாது. திருப்பத்தில் இருக்கும்போது சைகை காட்டவேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு கையும் பிடியிலேயே இருக்கட்டும்.

ஏரி

பலகைகளை நம்புவதில் பெரிய பள்ளம் ஏரிதான். உறைந்த ஏரியின் குறுக்கே கிளப்காரர்கள் வரிசையாகக் கம்பு நட்டிருப்பார்கள். கம்பு வழி காட்டுமே தவிர ஐஸ் உங்களைத் தாங்கும் என்று உறுதி கொடுக்காது. தடிமனுக்கு ஆளுக்கொரு கணக்கு: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் தெளிவான புது ஐஸ் 5 முதல் 7 அங்குலம் (சுமார் 13 முதல் 18 சென்டிமீட்டர்) இருந்தால் ஸ்னோமொபைல் போகலாம் என்கிறது, கனடா செஞ்சிலுவைச் சங்கம் 25 சென்டிமீட்டர் வேண்டும் என்கிறது. நான் இரண்டாவது பக்கம். அதுவும் நீலமாகத் தெளிந்த ஐஸுக்கு. பால்போல வெளுத்த ஐஸுக்குப் பாதி பலம்தான். ஆறு வந்து சேரும் வாய், இரு கரை நெருங்கும் இடுக்கு, பாலத்தின் அடி, படகுத்துறையின் ஓரம் ஆகிய இடங்களில் ஏரி முழுக்கக் கெட்டியாக இருந்தாலும் ஐஸ் மெல்லிசாக இருக்கும், தண்ணீர் அசைந்துகொண்டே இருப்பதால். ஐஸின்மேல் பனி கனமாக விழுந்திருந்தால் அது போர்வை மாதிரி மூடி, கீழே உறைவதையும் தடுத்துவிடும்.

உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வராமல் ஏரியில் இறங்கவேண்டாம். அவர் வந்தாலும், உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் "நான் கரையோடு சுற்றி வருகிறேன்" என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு, மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர் ஆராய்ச்சி செய்யும் கார்டன் கீஸ்பிரெக்ட் பிரபலப்படுத்திய ஒரு கணக்கு இருக்கிறது: 1, 10, 1. முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும், அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்யாமல் மூச்சை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், வெளியேறும் முயற்சியெல்லாம் அதற்குள். அதன்பிறகு கைகால் ஓய்ந்தாலும், மூழ்காமல் மிதந்தால் மயங்குவதற்கு சுமார் 1 மணி நேரம் இருக்கும். ஆகவே உடனே செத்துப்போவோம் என்று பதறவேண்டியதில்லை. வந்த திசைக்குத் திரும்புங்கள், அந்தப் பக்க ஐஸ்தான் சற்று முன்புவரை உங்களைத் தாங்கியது. முழங்கையை ஐஸ்மேல் வைத்து, நீச்சலடிப்பதுபோல் காலை உதைத்து, மார்பால் தவழ்ந்து ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காதீர்கள், உருண்டே தள்ளிப் போங்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இரண்டு ஐஸ் குத்தூசிகள் கடையில் மலிவாகக் கிடைக்கும், ஈரக் கைக்கு வழுக்காத பிடி அதுதான்.

குரூமர் வந்தால்

தடத்தைச் சமன்செய்யும் குரூமர் என்பது டிராக்டர் அளவு இயந்திரம், பின்னால் ஒரு பெரிய இழுவை, தலையில் சுழலும் மஞ்சள் விளக்கு. பெரும்பாலும் இரவில் வேலை செய்யும், தடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும். கண்டதும் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுங்கள். பின்னாலிருந்து நெருங்கினால், ஓட்டுபவர் பார்த்துத் தானே ஒதுங்கும்வரை பொறுங்கள். புதிதாகச் சமன்செய்த பனி இறுகச் சில மணி நேரம் ஆகும், அதன்மேல் உடனே ஓட்டினால் அவர் இரவெல்லாம் செய்த வேலை வீண்.

சிக்கிக்கொண்டால், பழுதானால்

2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 மூடப்பட்டு, வண்டிகளோடு ஜனங்கள் இரவெல்லாம் சிக்கிக்கிடந்ததை நாம் பார்த்தோம். அது தார் ரோடு, இருபுறமும் ஆட்கள். காட்டுத்தடத்தில் சிக்கினால் உதவி வர இன்னும் நேரமாகும், அதை மனதில் வைத்துப் பையைக் கட்டுங்கள்: உலர்ந்த கையுறையும் காலுறையும், தீப்பெட்டி, டார்ச், தண்ணீர், முறுக்கோ கடலையோ ஏதாவது, உபரி டிரைவ் பெல்ட் (இன்ஜினில் மாட்டுவது, கீழே ஓடும் பட்டை இல்லை), உட்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டிப் போன். வெளிப்பையில் வைத்தால் குளிரில் பேட்டரி செத்துவிடும்.

பனியில் வண்டி புதைந்தால் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் ஆழம் போகும். இன்ஜினை நிறுத்தி, ஸ்கீக்கு முன்னாலும் பட்டைக்குக் கீழும் பனியைத் தோண்டி எடுத்து, முன்னால் காலால் மிதித்து இறுக்கி, பிறகு மெதுவாக எடுங்கள். பட்டை சுழலும்போது பின்னால் யாரும் நிற்கக்கூடாது, ஐஸ்துண்டும் கல்லும் தெறித்து வரும்.

வண்டி கிளம்பவே இல்லையென்றால் அதை விட்டு நடந்து போகாதீர்கள். தடத்தை விட்டு ஓரமாகத் தள்ளி, பின்னால் வருபவருக்குத் தெரியும்படி மரக்கிளையையோ பளிச்சென்ற துணியையோ நட்டுவையுங்கள். இடுப்பளவுப் பனியில் அரை கிலோமீட்டர் நடந்தால் வேர்த்துவிடும், அந்த வேர்வையே பிறகு உறைய வைக்கும். வண்டியும் தடமும் தேடுபவர்கள் கண்ணில் படும், காட்டுக்குள் நடக்கும் ஒரு ஆள் படமாட்டார். வடக்குப் பக்கம் பல இடங்களில் போன் எடுக்காது, எடுத்தால் எண் 911, நம் 10111 அங்கே வேலை செய்யாது. அழைத்ததும் தடத்தின் எழுத்தையும் எண்ணையும் சொல்லி, கடைசியாகத் தாண்டிய சந்திப்பு எது, அதிலிருந்து எந்த ஊர்ப் பக்கம் எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள், எத்தனை பேர், யாருக்கு என்ன அடி என்று வரிசையாகச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். கிளம்பும்போதே எந்தத் தடம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று வீட்டில் தங்கச்சியிடமோ மருமகளிடமோ எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால், போன் எடுக்காத இடத்தில் நீங்கள் சிக்கினாலும் அந்த நேரம் தாண்டியதும் அவர்களே 911-ஐக் கூப்பிடுவார்கள்.